குழாயில் கேட்ட சாட்சி

இசக்கிப்பாண்டி ஒளிந்திருந்த இடம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஏசுவடியான், இன்னொருத்தி அவர் மனைவி ஞானப்பூ. ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கு வைப்பதற்குள் பாதித் தாராவிக்கு அது தெரிந்துவிட்டது.

சொன்னவர் ஏசுவடியான்தான். அதுவும் ஒலிபெருக்கியில்.

பயந்துபோய்ச் சொல்லவில்லை. யாரும் மிரட்டவில்லை, மயக்கவில்லை. பட்டப்பகலில், இஸ்திரி போட்ட சட்டையோடு, சபையார் நடுவில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆனந்தமாகச் சொன்னார். அதற்குப் பேர் சாட்சி.

திருநெல்வேலிப் பக்கமிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியில் குடியேறிய கிறிஸ்தவர்களுக்கு ஜெபக்கூட்டம் என்றால் பாட்டும் பிரசங்கமும் ஒரு பங்கு, சாட்சி ஒரு பங்கு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து சொல்வார். மற்றவர்கள் கேட்டு, "ஸ்தோத்திரம்!" என்பார்கள். ஆனால் அந்த ஸ்தோத்திரம் லேசில் வந்துவிடாது. "ஆண்டவர் என்னைச் சுகமாக வைத்திருக்கிறார்" என்று சொல்லி உட்கார்ந்தால் முன்வரிசைக் கிழவர்கள் கொட்டாவி விடுவார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் கைவிரித்தார், அப்போது யார் யார் அழுதார்கள், எல்லாம் வேண்டும். விவரம் ஏற ஏறத்தான் சத்தம் ஏறும்.

ஏசுவடியான் செம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் டைம் கீப்பர். சாட்சியில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தது ஒரு காலம். பிறகு சற்குணம் வந்தான். குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே ஓடுகிற லோக்கல் வண்டியிலிருந்து விழுந்து, கீறல் இல்லாமல் எழுந்தவன். அதை அவன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த வண்டி கொஞ்சம் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. இருந்தும் ஜனங்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஏசுவடியானின் பழைய டைபாய்டு காய்ச்சலை யாரும் சீந்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இசக்கிப்பாண்டி வந்து கதவைத் தட்டினான்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். தாராவிக்குப் பின்னால், உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் காடி என்ற கடற்கழியோரப் புதர்களுக்குள் கள்ளச் சாராயம் காய்ச்சும் பட்டிகள் இருந்தன. அதில் பெரிய பட்டி ஆறுமுகநயினாருடையது. நயினார் அண்ணாச்சி என்றால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அவரிடம் அடுப்பு பார்த்தவன் இசக்கிப்பாண்டி. ஒரு நாள் அங்கே காய்ச்சியதைக் குடித்த கூலிக்காரன் ஒருவனுக்குக் கண் போய்விட்டது. அந்த ஆள் தெருவில் கையைத் துழாவிக்கொண்டு போனதை இசக்கி பார்த்தான். நேரே பட்டிக்குப் போனான். மீதியிருந்த பீப்பாய்கள் அத்தனையையும் காடியில் கவிழ்த்தான். ஓடிவந்துவிட்டான்.

"கவுத்த கையை எடுத்து அதே காடியில போடாம விடமாட்டேன்" என்று நயினார் சொன்னதாகத் தெருவெல்லாம் பேச்சு. ஊருக்கு ஓடலாமென்றால் தாதர் ஸ்டேஷனிலும் வி.டி. ஸ்டேஷனிலும் அவர் ஆட்கள் நின்றார்கள்.

காலையில் ஏசுவடியான் முகத்தில் சோப்புத் தடவிக்கொண்டிருந்த நேரம். கதவைத் திறந்தவள் ஞானப்பூ. ஏசுவடியான் சோப்பு முகத்தோடு எட்டிப் பார்த்து முதலில் சொன்ன வார்த்தை, "வேண்டாம்ட்டி, வம்பு!"

"உள்ள வந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கட்டும். வம்பைப் பொறவு பாப்போம்" என்றாள் ஞானப்பூ.

இசக்கி உள்ளே வந்தான். வேட்டி நனைந்திருந்தது. மழை பெய்யவில்லை. ஞானப்பூ அதைப் பார்க்காத மாதிரி கொடியிலிருந்து கணவருடைய வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றே அவனைப் பரணில் ஏற்றினார்கள்.

அதற்கப்புறம் ஏசுவடியானும் மாறித்தான் போனார். அதை இல்லையென்று சொல்லக்கூடாது. வேலை விட்டு வந்ததும் ஏணியில் பாதி ஏறி நின்று இசக்கியிடம் பேசுவார். கர்த்தரைப் பற்றிச் சொல்வார், ஜெபம் செய்வார். அவன் குலதெய்வத்தின் பேரை வைத்துக்கொண்டிருந்தவன், மரியாதைக்காகக் கேட்டான். பிறகு மனசோடு கேட்டான். ஒரு நாள் சாயந்திரம், குருடானவனை நினைத்துக்கொண்டு, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதான். ஏசுவடியானுக்கும் கண் கலங்கிவிட்டது. தன் ஆயுசில் ஒரு ஆத்துமாவையாவது ஆண்டவரிடம் கொண்டுவந்தோமே என்று நெஞ்சு விம்மியது.

"அண்ணாச்சி" என்றான் இசக்கி, "நான் அழுதது, அன்னைக்கு வேட்டியில... அதெல்லாம் யாருட்டயும் சொல்லிராதிய."

"சேச்சே! என்னடே நீ! நான் அப்படிப்பட்ட ஆளா?" என்று நெஞ்சில் கை வைத்தார் ஏசுவடியான்.

அந்தக் கையின் சூடு ஆறுவதற்குள், வருஷத்துக்கொரு முறை கொட்டகை போட்டு நடத்தும் பெரிய ஜெபக்கூட்டமான கன்வென்ஷன் வந்தது.

மதராசிகளே ஓடுங்கள் என்று பம்பாய்ச் சுவர்களில் எழுத ஆரம்பித்திருந்த வருஷம் அது. மாட்டுங்கா பக்கம் ஓட்டல் கண்ணாடிகளைக் கல்லால் அடித்திருந்தார்கள். சபையை நடத்திவந்த உபதேசியார் தயங்கினார். "இந்தத் தடவை குழாய் கட்ட வேண்டாம், ஏசுவடியான். தமிழ்ச் சத்தம் கேட்டாலே கல்லெடுக்கான். உள்ளுக்குள்ளயே நடத்திக்கிடுவோம்."

ஏசுவடியான் ஒத்துக்கொள்ளவில்லை. "பயந்துக்கிட்டுச் சுவிசேஷத்தை மூடி வைக்கவாய்யா? நாலு பேர் காதுல விழட்டும்!" என்றார். கடைசியில் கொட்டகை மூங்கிலில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டினார்கள். ஒன்று கோலிவாடாப் பக்கம் பார்த்தது. இன்னொன்று ஏசுவடியான் குடியிருந்த சந்தைப் பார்த்தது.

சற்குணம் முதலில் எழுந்தான். அன்று அவனுடைய வண்டி பறந்தது. கொட்டகையே ஸ்தோத்திரம் போட்டது. ஒலிபெருக்கி வாடகைக்குக் கொண்டுவந்த மராட்டிக்காரன்கூட, ஒரு வார்த்தை புரியாமலே கை தட்டினான்.

அடுத்து ஏசுவடியான். பேர் சொல்லக்கூடாது என்ற கண்டிப்போடுதான் எழுந்தார். மேலோட்டமாக ஒரு சாட்சி, அவ்வளவுதான் உத்தேசம்.

"பிரியமானவர்களே, ஆண்டவர் ஒரு பாவியை என் வாசலுக்கு அனுப்பினார்."

சத்தமில்லை.

"அவன் சாதாரணப் பாவி அல்ல. சாராயம் காய்ச்சினவன்!"

"ஸ்தோத்திரம்" என்றது ஒரு கிழக்குரல்.

"காய்ச்சின சாராயத்தைத் தன் கையாலேயே காடியில் கவிழ்த்தவன்!"

"ஸ்தோத்திரம்!" என்று பல குரல்கள் எழுந்தன. அதற்குமேல் அவர் தன் வசத்தில் இல்லை. ஒவ்வொரு ஸ்தோத்திரமும் கிணற்று வாளி மாதிரி உள்ளே இறங்கி ஒரு விவரத்தைக் கோரிக்கொண்டு வந்தது. முழங்கையில் அடுப்பு சுட்ட தழும்பு வந்தது. துண்டைக் கடித்துக்கொண்டு அழுதது வந்தது. "பயத்திலே வேட்டியை நனைத்துக்கொண்டு வந்து நின்றான் ஐயா! அவனுக்கு ஊரில் யார் கதவைத் திறப்பார்? நான் திறந்தேன்! என் வீட்டுப் பரணிலே இடம் கொடுத்தேன்!"

நான் திறந்தேன் என்று சொன்னபோது நாக்கு ஒரு கணம் இடறியது. பெண்கள் பக்கம் பார்த்தார். ஞானப்பூ எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க்கொண்டிருந்தாள். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தார். அந்தப் பரணையே சுற்றிச் சுற்றி இன்னும் வெகுநேரம் பேசினார்.

கொட்டகைக்கு எதிரே பீடா கடை. சற்று முன்புதான் அங்கே வந்து நின்ற ஒருத்தன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வேகமாக நடந்தான். அவன் பூலோகம், நயினாரின் வலதுகை.

ஏசுவடியானுக்கு அப்போதுதான் உறைத்தது. மைக் முன்னால் வாய் திறந்தபடி இருந்தது, வார்த்தை வரவில்லை. ஆவி நிறைந்து பேச்சு நின்றுவிட்டதாக நினைத்து ஜனங்கள் அல்லேலூயா என்றார்கள்.

ஓடினார். சந்துக்குள் தண்ணீர்க் குடங்களைத் தட்டிவிட்டுக்கொண்டு, யாரோ வைததைக் காதில் வாங்காமல் ஓடினார். வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஏணியில் ஏறினார். பரண் காலி. பாய்கூடச் சுருட்டி வைத்திருந்தது.

கீழே ஞானப்பூ முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு மட்டும் வேகமாக வந்துகொண்டிருந்தது.

"எங்கட்டி அவன்?"

"போயிட்டான்."

"தானாவா போனான்? யார் கூட்டிட்டுப் போனா?"

ஞானப்பூ முறத்தைக் கீழே வைத்தாள். "குழாய் நம்ம வீட்டைப் பாத்துல்லா கட்டியிருக்கிய. ஒரு சொல் விடாமக் கேட்டிருக்கான். நான் வரும்போது பரண்ல முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்."

"என்னைய வைதானா?"

"வைதா நல்லா இருந்திருக்குமே. 'அண்ணாச்சி நல்லாச் சொல்லுதாவ, அக்கா' ன்னான். அவ்வளவுதான் சொன்னான்."

ஏசுவடியான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏட்டி... இப்ப எங்க இருக்கான்? எங்கிட்ட சொல்லு."

"மாட்டேன்."

"நான் உன் புருஷன்!"

"அது எனக்குத் தெரியும். சொன்னா அடுத்த கூட்டத்துல சாட்சியா வந்துரும்."

இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் அவரைக் கைநீட்டி அடித்ததில்லை. இப்போதும் அடிக்கவில்லை. ஆனாலும் அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

வாசலில் நிழல் விழுந்தது.

நயினார் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒன்றுமில்லை. கையில் ஏதாவது வைத்திருந்தவர்கள் பின்னால் நின்றார்கள். பூலோகம் ஏணியில் ஏறி இறங்கி, உதட்டைப் பிதுக்கினான்.

"என்னவே சாட்சிக்காரரே" என்றார் நயினார். "அருமையாப் பேசினீராம். நான் வாறதுக்குள்ள முடிச்சிட்டீரே. எனக்காக ஒரு தடவை சொல்லும். எங்க நம்ம பய?"

"தெரியாது அண்ணாச்சி."

"குழாய்ல பரண்லன்னு கேட்டுச்சே."

"இருந்தான். இப்ப இல்ல. சத்தியமாத் தெரியாது."

"சத்தியம்லாம் பண்ணுதாரு பாத்தியாடே" என்று சிரித்தார் நயினார். "நம்ம சரக்கைக் காடியில ஊத்தினவனைப் புண்ணியவானாக்கியிருக்கீரு. மீனெல்லாம் இன்னும் தள்ளாடிக்கிட்டு அலையுதுவே!" ஆட்கள் சிரித்தார்கள். நயினார் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

முதல் அடி தாடையில் விழுந்தது. அடுத்தது விலாவில். ஏசுவடியான் தரையில் கிடந்தார். தெரியாது, தெரியாது என்று கத்தினார். அவர் கத்தியதில் பொய் ஒரு சொட்டு இல்லை. அதுதான் கொடுமை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். இன்னொரு அடி தாங்காமல் சொல்லியிருப்பார். அடிபட்டுக்கொண்டிருக்கும்போதே அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

பூலோகம் காலை ஓங்கினான். ஏசுவடியானின் வலது கை தரையை விட்டு எழுந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது. அடுப்பு மூலையில் நின்ற ஞானப்பூவை நோக்கி நீண்டது. எனக்குத் தெரியாது, அவளைக் கேளுங்கள். வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

பூலோகத்தின் கால் அந்தக் கையின் மேல் இறங்கியது. வார்த்தை அலறலாக மாறிப்போனது.

விரல் நீண்டதை நயினார் பார்க்கவில்லை. ஞானப்பூ பார்த்தாள்.

"நயினாரு, போதும்." வாசலில் முகைதீன் நின்றார். பக்கத்தில் தோல் பதனிடும் கார்கானா வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் தோல் வழிக்கும் கத்தியோடு வேலையாட்கள். யாரும் கத்தியை ஓங்கவில்லை. வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்த மாதிரி சும்மா பிடித்திருந்தார்கள். "பொம்பளை இருக்க வீடு. இந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சிருந்தா முதல் அடியிலேயே கக்கியிருப்பாரு. நம்ம அண்ணாச்சியை நமக்குத் தெரியாதா?"

நயினார் கத்திகளைப் பார்த்தார். ஏசுவடியானைப் பார்த்தார். "அதுவும் சரிதாம் பாய்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். "இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு. நம்மளும் காதைத் திறந்துதான் வச்சிருக்கோம்" என்ற குரல் சந்திலிருந்து வந்தது.

ஞானப்பூ வெந்நீர் வைத்தாள். துணியை முக்கிக் கணவரின் முகத்தைத் துடைத்தாள். வலிக்க விடவில்லை. அவர் கண்ணை அவள் பார்க்கவுமில்லை. குனிந்தபோது சேலை முந்தானை அவர் கன்னத்தில் உரசியது. சுருக்கென்று எரிந்தது.

உப்பு. பெரிய பெரிய கல்லுப்பு முந்தானை ஓரத்தில் ஒட்டியிருந்தது. கூடவே மாட்டு முடி. பச்சைத் தோலின் வாடை. அந்த வாடை தாராவிக் காற்றில் எப்போதும் உண்டுதான். ஆனால் உப்பும் முடியும் முந்தானையில் ஒட்ட வேண்டுமானால், உப்பிட்டு அடுக்கிய தோல் கட்டுகளைக் கையால் தூக்கி நகர்த்தியிருக்க வேண்டும். உள்ளே ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு.

அவர் முந்தானையைப் பார்த்ததை அவள் பார்த்தாள். கை அப்படியே நின்றது. முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். பயம் இருந்தது. கட்டின புருஷனைப் பார்த்து வந்த பயம்.

ஏசுவடியான் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் சபைக்குப் போகமாட்டேன் என்றார். சற்குணமும் இன்னும் இருவரும் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். கட்டுப்போட்ட கை, வீங்கிய தாடை. உள்ளே நுழைந்ததும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். பாதிரியார் வந்தால் எழுவது மாதிரி.

உபதேசியார் முன்னால் வந்து நின்றார். "சபையாரே, ஒரு ஏழை ஆத்துமாவுக்காக நம்ம சகோதரர் அடிபட்டார். எலும்பை முறித்தும் வாய் திறக்கவில்லை. இந்தப் பொல்லாத காலத்தில், இந்தப் பட்டணத்தில், விசுவாசம் என்றால் இதுதான்! ஏசுவடியான், எழுந்து சாட்சி சொல்லும்!"

"ஸ்தோத்திரம்!" வாய் திறக்கும் முன்பே வந்தது. முன்வரிசைக் கிழவர்கள் அழுதார்கள். சற்குணம் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதான். "அண்ணாச்சி, என் ரயில் என்னத்துக்கு ஆவும்! இதுல்லா சாட்சி!"

ஏசுவடியான் எழுந்தார்.

நெஞ்சுக்குள் எல்லாம் வரிசையாக நின்றது. கதவைத் திறந்தவன் நான் இல்லை. வாய் திறக்காமல் இருந்தவனும் நான் இல்லை, அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்தக் கை யாரைக் காட்ட நீண்டது தெரியுமா? இந்த மூன்றையும் உரக்கச் சொல்லிவிட்டால் போதும். கல்லெறிந்தாலும் நிம்மதி. வாழ்நாளில் அவர் சொல்லியிருக்கக்கூடிய ஒரே உண்மையான சாட்சி அதுவாக இருந்திருக்கும்.

வாசலைப் பார்த்தார். வெயிலுக்கு ஒதுங்கின மாதிரி கதவு நிலையில் சாய்ந்து நின்றான் பூலோகம். பல்லைக் குத்திக்கொண்டு, ரொம்பப் பொறுமையாக, சாட்சிக்காகக் காத்திருந்தான்.

கதவைத் திறந்தது அவள் என்றால், ஒளித்ததும் அவள். அவளைப் பிடித்து உலுக்கினால் பக்கத்துக் கார்கானா. தோல் கட்டுக்குள் இசக்கி. தன் நெஞ்சுப் பாரத்தை இறக்கிவைக்க அவர் திறக்கப்போகும் வாய், நேரே அந்தத் தோல் கட்டின் மேல்தான் போய் விழும்.

பெண்கள் பக்கம் ஞானப்பூ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு கைகளும் இறுகிக் கோத்திருந்தன.

ஏசுவடியான் உட்கார்ந்துவிட்டார்.

உபதேசியார் கையை உயர்த்தினார். "பார்த்தீர்களா! தன்னைப் பற்றிப் பேச மனமில்லாத மனுஷன்! இப்படிப்பட்ட தாழ்மையை நான் கண்டதில்லை!"

கூரை அதிர்ந்தது. யாரோ அவர் காலைத் தொட்டார்கள். ஒரு தாய் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் கிடத்தி, ஆசீர்வதியுங்கள் என்றாள். காட்கோபரிலிருந்து வந்திருந்த ஒருவர், எங்கள் சபைக்கும் ஒரு நாள் வரவேண்டும் என்று விலாசம் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் காய்ச்சிய எண்ணெய் மாதிரி அவர் மேல் விழுந்தது. துடைக்க வழியில்லை. துடைத்தால் இன்னொருத்தன் வெந்துபோவான். குழந்தை அவருடைய வீங்கிய தாடையைப் பிடித்து இழுத்தது. அவர் தடுக்கவில்லை.

பூலோகம் பல்குச்சியைத் துப்பிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு தெருவில் பெரியவர்கள் அவருக்கு வழிவிட்டார்கள். சபைக்கு மூப்பர் பதவி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார். அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். வீட்டில் ஞானப்பூ சோறு போட்டாள், கட்டு மாற்றினாள், மழையைப் பற்றியும் ரேஷன் அரிசியைப் பற்றியும் பேசினாள். தினமும் அவள் உலையில் ஒரு கை அரிசி கூடப் போடுவதையும், தூக்குச்சட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போவதையும் அவர் பார்த்தார். பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு நாள் அவள் உலையில் அந்த ஒரு கை அரிசியைப் போடவில்லை.

அவர் சாப்பிட உட்கார்ந்தார். அவள் குழம்பை ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, அவர் தட்டையே பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"போய்ச் சேந்துட்டான். சுகமா இருக்கானாம்."

ஏசுவடியானுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளாக வாய் திறந்து சொல்லிவிட்டாள். தன்னையும் ஒரு மனுஷனாக எண்ணிச் சொல்லிவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. ஆண்டவரே என்று மனசுக்குள் சொல்ல வாயெடுத்தார். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"எங்க?"

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார். வந்துவிட்டது, வந்துவிட்டது.

ஞானப்பூ சோற்றுப் பானையை மூடினாள். தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே சந்தில் யாரோ யாரிடமோ, இது ஏசுவடியான் ஐயா வீடு, மெல்லப் பேசு, என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.